மேசைக்கடியில் பேட்டரிக்கு இடம்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பழைய கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் புதிதாக்கியது. அதிலும் சண்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் கம்ப்யூட்டர், மறுபாதியில் கழுவாத தட்டுகள். ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டு வந்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. மகள் ஒரு மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பென் டிரைவில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"எல்லாத்தையும் அழிக்கப்போறேன். வேணுங்கறது ஏதாவது இருக்காப்பா?"

"ஒண்ணும் இல்ல."

"யோசிச்சு சொல்லுங்க. அழிச்சா அழிஞ்சதுதான்."

"என் வீட்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன. நின்ற இடத்திலிருந்து தலையைத் திருப்பினாலே அந்த வீட்டில் இருப்பது முழுவதும் கண்ணில் பட்டுவிடும். மேசை, நாற்காலிகள், கட்டில், பாதி காலியான ஒரு அலமாரி. சுவரில் ஆணி கூட இல்லை. இருந்த ஆணிகளையும் பிடுங்கி, ஓட்டையைப் பூசி அடைத்துவிட்டார்.

வாழ்நாள் முழுக்க அவர் செய்தது பிறர் வீட்டைக் காலி செய்யும் வேலை. சாமான் மாற்றும் லாரி ஷெட்டில் சுமை தூக்குபவராகச் சேர்ந்து, பெட்டி கட்டுபவர்களுக்குத் தலைவரானார். கடைசி மூட்டை ஏறியதும் ஆட்கள் பீடி பற்ற வைப்பார்கள். இவர் மட்டும் உள்ளே போய், காலி வீட்டைத் தன் கையாலேயே கூட்டிவிட்டு, குழாய்களை இறுக்கி, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். ஷெட்டில் அவருக்குப் பெயரே துடைப்பம். "துடைப்பம் ஏறிட்டாரா, வண்டியை எடுக்கலாமா?" என்பார்கள்.

பெட்டி கட்டும்போது எல்லா வீட்டிலும் ஒரு கட்டம் வரும். வீட்டுக்காரர் ஏதோ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வைக்கவும் மனமில்லாமல் எறியவும் மனமில்லாமல் நிற்பார். உடைந்த கடிகாரமாக இருக்கும், யாருடையதோ ஒற்றைச் செருப்பாக இருக்கும். அப்பா ஒரு காலிப் பெட்டியை அவர் பக்கம் தள்ளுவார். "இது 'அப்புறம்' பெட்டி, இதுல போடுங்க சார். அப்புறம் பார்த்துக்கலாம்." பல வருடம் கழித்து அதே குடும்பத்துக்கு மறுபடி வீடு மாற்றப் போனால், தான் ஒட்டிய டேப் கூடப் பிரியாமல் அந்தப் பெட்டி பரணில் கிடக்கும். இதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நம் வீட்டில் அப்படியொரு பெட்டி வரவே கூடாது என்பார்.

"வராது, வராது," என்பாள் அம்மா. "கொஞ்சம் அசந்தா இவர் என்னையே தூக்கி யாருக்காவது கொடுத்துடுவார்."

திரையில் புதிய கேள்வி வந்து நின்றது. எந்த ஃபைல் சிஸ்டம் வேண்டும்? மகள் பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டார்.

"அது என்ன கேக்குது?"

"உள்ள சாமானை எப்படி அடுக்கணும்னு கேக்குதுப்பா."

அடுக்குவது என்றதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்லாமல் விடமாட்டார் என்று தெரிந்து அவள் சொன்னாள். புது வகை ஒன்று இருக்கிறது. நேற்று எப்படி இருந்தது, போன வாரம் எப்படி இருந்தது என்று பழைய நிலையை எல்லாம் வைத்துக்கொள்ளும். தெரியாமல் எதையாவது அழித்தாலும் பின்னால் போய் எடுத்துவரலாம்.

"அப்போ நான் தூக்கிப் போட்டது வெளியே போகாதா?"

"போகாது. அடியில இருக்கும்."

"வீட்டுக்குள்ளயே குப்பையை மறைச்சு வச்சுட்டு சுத்தம்னு சொல்ற ஜாதியா? அது வேணாம். இன்னொண்ணு என்ன?"

"இன்னொண்ணு, எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் இதைச் செய்யப்போறேன்னு ஒரு ஓரத்துல எழுதி வச்சுக்கும். நடுவுல கரண்ட் போனாலும் எழுதினதைப் பார்த்து சரி பண்ணிக்கும்."

"முதல்ல லேபிள், அப்புறம்தான் பெட்டி லாரில ஏறும். இவன் நம்ம ஆள்."

"அவசரப்படாதீங்க. லேபிளைத்தான் எழுதும். உள்ள இருக்கற சாமானை இல்ல. நீங்க ஒட்டி முடிச்ச உடனே கரண்ட் போச்சுன்னா, மேல பேர் இருக்கும், பெட்டி காலியா இருக்கும்."

"அது நடக்குமா?"

"ஆஸ்பத்திரியில பார்த்திருக்கேன். ஒழுங்கா ஷட்டவுன் பண்ணா வராது. இல்லைன்னா ஒரு பேட்டரி வாங்கி வச்சுடுங்க. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும்."

"மெயினை இறக்கினா எல்லாமே அணைஞ்சிடுமே. இதுக்குத் தனியா வேற அணைக்கணுமா?"

"அதைத்தான் சொல்றேன். அப்படி அணைக்கக் கூடாது."

"சரி, பேட்டரி வாங்கிக்கலாம்."

"எப்போ?"

"அப்புறம்."

அவள் விடவில்லை. புது வகையைத்தான் போடப்போகிறேன் என்றாள். "தப்பா ஏதாவது அழிச்சுட்டீங்கன்னா?"

"நான் எதைம்மா தப்பா தூக்கிப் போட்டிருக்கேன்?"

"அம்மாவோட அலமாரியை."

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அவர், "நான் சொன்னதைப் போடு," என்றார். அவள் போட்டாள்.

அம்மா சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை தைத்தவள். தைத்துத் தைத்து விரல்கள் மடங்காமல் போயின. பேனா நிற்காது. போனில் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். ஆகவே நினைவில் வைக்க வேண்டியதை எல்லாம் போனில் பேசிப் பதிந்து வைப்பாள். வேலைக்காரனை அழைப்பது போல "இந்தா, கேட்டுக்கோ" என்று தொடங்குவாள். இந்தா, கேட்டுக்கோ, காலையில மாத்திரை, நீல டப்பா. இந்தா, கேட்டுக்கோ, குழாய் ஒழுகுது, அவர்கிட்ட சொல்லணும், சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது.

அவள் செத்த ஒரே வாரத்தில் அப்பா அலமாரியைக் காலி செய்தார். புடவை, செருப்பு, மூக்குக் கண்ணாடி, ஊசிப் பெட்டி எல்லாம் யார் யாருக்கோ போயின. மகள் கேட்டது போனை மட்டும்தான். அந்தக் குரல் அவளிடம் வேறு எதிலும் இல்லை.

"கொடுத்துட்டேன்."

"யாருக்குப்பா?"

"வேணுங்கறவங்களுக்கு."

எனக்கு வேண்டாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே ஏதாவது உடைந்திருக்கும். அதன் பிறகு ஞாயிறுகளில் வருவாள். பல்பு மாற்றுவாள், மருந்து வாங்கி வைப்பாள், கம்ப்யூட்டர் பார்ப்பாள். வேலை முடிந்ததும் பையை எடுத்துக்கொள்வாள்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். போகிற நேரத்தில் அவர் ஒரு சந்தேகம் கேட்டார். போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு எதையாவது மாற்ற வேண்டுமென்றால் எப்படி? அவருடைய போனைத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள். வயரைச் செருகிக் காட்டினாள். இது காப்பி. இது மூவ்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"காப்பின்னா ரெண்டு இடத்துலயும் இருக்கும். மூவ் பண்ணா இங்க போயிடும், அங்க வந்துடும். நீங்க காப்பியே பண்ணுங்க."

"ஒரே சாமான் எப்படி ரெண்டு வீட்ல இருக்கும்? எந்த வீட்டுச் சாவியை நான் யார்கிட்ட கொடுக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வெளியே வந்து சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்து, ஒரு வேலை நாளில், முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவின் போனிலிருந்து அவளை அழைத்தார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த அப்பா உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். பஸ் வந்து நின்றும் எழவில்லையே என்று தொட்டுப் பார்த்தார்களாம்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மெயின் இறங்கியிருந்தது. அவர் வெளியே போனால் எப்போதும் இறக்கிவிட்டுத்தான் போவார். அதை ஏற்றினாள். ஃபிரிட்ஜ் முனகியது. அதற்குப் பிறகு நடக்க வேண்டியவை எல்லாம் நடந்தன.

வீட்டுக்காரர் அடுத்த குடித்தனத்துக்கு ஆள் பார்த்துவிட்டார். காலி செய்ய வந்தவளுக்குக் காலி செய்ய அதிகம் இல்லை. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். இப்போது அது உடனே எழுந்தது. திரையின் நடுவில் ஒரே ஒரு ஃபோல்டர். பெயர்: அப்புறம்.

திறந்தாள். உள்ளே வரிசையாகக் குரல் பதிவுகள். போன் தானாக வைத்த எண்களை மாற்றி, ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். பெட்டி மேல் எழுதுவது போலவே. 'மாத்திரை, நீல டப்பா'. 'குழாய் ஒழுகுது'. 'இருமல் மட்டும்'. 'என்னைத் திட்டினது, மேலே வைக்கவும்'. 'பாட்டு, பாதி'. கீழே இறங்கிக்கொண்டே போனாள். 'மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, சொல்லிப் பார்த்தது, உடையும், தனியா வை'.

பெயருக்கு எதிரே அளவு. பூஜ்யம். எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒன்றை அழுத்தினாள். திறக்க முடியவில்லை என்றது. அடுத்ததை அழுத்தினாள். கடைசி வரைக்கும் ஒன்றுவிடாமல் அழுத்தினாள்.

கம்ப்யூட்டரில் ஏறிய நாள், அப்பா செத்த நாள். நேரம், அன்று காலை. மெயின் சுவிட்ச் வாசல் கதவுக்குப் பக்கத்தில். மேசையிலிருந்து நடந்தால் நான்கு எட்டு.

அம்மாவின் போனைத் தேடி ஷெட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில்தான் ஷெட். அப்பாவோடு வண்டி ஓட்டியவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, வாசலில் ஸ்டூல் போட்டு வண்டிகளைத் திட்டிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் அவர் ஹாரன். அவளுக்கு மாமா.

"மாமா, அன்னைக்குக் காலையில அப்பா இங்க வந்தாரா?"

"வராம? இதே ஸ்டூல்லதான் உட்கார்ந்தான். என்னை நிக்க வச்சுட்டு."

"ஏதாவது கொடுத்தாரா?"

ஹாரன் சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். ஓரம் உடைந்த பச்சை உறை. அம்மாவின் உறை.

"என் போன் செத்துப் போச்சுன்னு ரொம்ப நாளா புலம்பிட்டிருந்தேன். இந்தா வச்சுக்கோன்னு கொண்டு வந்தான். சும்மா கொடுப்பானா உங்கப்பன்? இரு, கூட்டித் துடைச்சுக் கொடுக்கறேன்னு இங்க உட்கார்ந்தே உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சான். புதுசு மாதிரி ஆக்கிட்டுத்தான் கையில கொடுத்தான். காலி வீட்டுச் சாவியை நீட்டற மாதிரியே நீட்டினான்னா பார்த்துக்கோயேன்."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். உள்ளே ஹாரனின் பாட்டுகளும், ஹாரனின் பேத்தி எடுத்த பூனைப் படங்களும். அந்த வகைப் போனில் அப்படி அழித்தால் உள்ளே இருந்ததைத் திறக்கிற ரகசியச் சாவியும் சேர்ந்து அழியும். மீட்க வழியில்லை. அது தெரிந்தும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேணும்னு கேட்டேன் மாமா. கொடுத்துட்டேன்னு சொன்னார்."

ஹாரன் காதைக் குடைந்துகொண்டார். "அதை ஏன் கேக்கறே. அவன் கட்டில் அடியில ஒரு பெட்டி வச்சிருந்தான். டேப் போட்டு ஒட்டி. ஒரு நாள் கால்ல இடிச்சுது, என்னடா இது, உன் வீட்ல பெட்டியான்னேன். மூஞ்சியே மாறிப்போச்சு. உள்ள இந்தப் போன்தான். உன்கிட்ட கொடுத்தா எடுத்துட்டுப் போயிடுவேன்னு பயம். தானும் திறந்து கேக்கறதுக்குப் பயம். ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் கிண்டல் பண்ணான் இல்ல, அதான் வெளியே சொல்லவும் வெக்கம்."

"அப்புறம் எப்படித் திறந்தார்?"

"நீ கம்ப்யூட்டரைச் சரி பண்ணிக் கொடுத்தே இல்ல, அதுக்கப்புறம்தான். தினம் ஒண்ணு ரெண்டு கேப்பானாம். போன்லயே பேர் வைப்பானாம். இங்க வந்து சொல்லுவான், இன்னைக்கு என்னைத் திட்டினது ஒண்ணு கிடைச்சுதுடான்னு. லாட்டரி அடிச்சவன் மாதிரி. அன்னைக்குத்தான் முடிஞ்சுதுன்னான். எல்லாத்தையும் இன்னைக்குக் காலையில கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சாச்சு, ஞாயித்துக்கிழமை பொண்ணு வருவா, உட்கார வச்சுக் கேக்க வைக்கணும்னான்."

லாரி ஒன்று பின்னால் நகர்ந்து உள்ளே வந்தது. ஹாரன் ஓட்டுநரின் கண்பார்வையைப் பற்றிச் சில வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"பஸ் பிடிச்சு எங்க போனார் மாமா?"

"பேட்டரிக் கடைக்குத்தான். நீ வாங்கச் சொன்னியாமே. ரொம்ப நாளா அப்புறம் அப்புறம்னு இருந்தேன், இப்போ உள்ள சாமான் வந்துடுச்சு, இனிமே சும்மா விடக் கூடாதுன்னான்."

அவள் எழுந்தாள். ஹாரன் போனை நீட்டினார். "வேணும்னா எடுத்துக்கோம்மா. உங்கம்மாவுது."

"வேணாம் மாமா. அதுல ஒண்ணும் இல்ல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று அவளுக்கு உறைத்தது.

அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது. நான் சொன்னதைப் போடவிட்டிருந்தால் தப்பியிருக்கும் என்று அவர் மேல் கோபப்படலாம். அதையாவது உறுதி செய்துகொள்ள நினைத்தாள். லீவு போட்டாள். தன் வீட்டில் இரண்டு பழைய டிஸ்குகளை எடுத்து, ஒன்றில் அவர் கேட்டதையும் ஒன்றில் அவள் சொன்னதையும் போட்டாள். இரண்டிலும் அவர் செய்ததையே செய்தாள். போனிலிருந்து சிறிய குரல் பதிவுகளை மூவ் செய்துவிட்டு, நான்கு எட்டு நடந்து, மெயினை இறக்கினாள். அவர் கேட்டதில் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. அவள் சொன்னதில் பெயர்கள் கூட இல்லை. பழைய நிலையை அது ஒழுங்காகத்தான் வைத்திருந்தது. ஆனால் பழைய நிலை என்பது எதுவும் வந்து சேராத வெறும் ஃபோல்டர். மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான்.

ஆக, அவள் சொன்னதைப் போட்டிருந்தால் அந்தப் பெயர்களும் கிடைத்திருக்காது. சொல்லிப் பார்த்தது, உடையும், தனியா வை. அப்படி ஒன்று இருந்தது என்றே அவளுக்குத் தெரியாமல் போயிருக்கும். அதுதான் நல்லது என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது. மூவுக்குப் பதில் காப்பி செய்து, போனிலும் விட்டு வைத்திருந்தால் பிழைத்திருக்கும். ஷட்டவுன் செய்திருந்தால் பிழைத்திருக்கும். பேட்டரி இருந்திருந்தால் பிழைத்திருக்கும். மூன்றையும் அவரிடம் சொன்னவள் அவள்தான். சொன்னது சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டைக் கொடுக்க வேண்டிய நாளில் ஹாரனே ஒரு சின்ன வண்டியோடு வந்தார். கட்டில், அலமாரி, நாற்காலிகள் எல்லாம் பேச்சு முடிவதற்குள் ஏறிவிட்டன. கடைசியாக மேசை. கம்ப்யூட்டரை அவள் கையிலேயே வைத்துக்கொண்டாள். ஆட்கள் மேசையைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினார்கள்.

"இங்க என்னமோ ஒட்டியிருக்கு பாரு," என்றார் ஹாரன்.

புது வீட்டில் சாமான் இறக்கும் முன் அப்பா செய்கிற வேலை அது. பீரோ எங்கே, கட்டில் எங்கே என்று முதலில் தரையில் காகித டேப்பால் கட்டம் போட்டு, உள்ளே பெயர் எழுதிவிடுவார். பிறகுதான் லாரிக் கதவைத் திறக்க விடுவார். மேசை நின்ற இடத்தில், தரையில், சுவரோரமாக, பிளக்குக்குப் பக்கத்தில், அப்படியொரு கட்டம். சின்னது. நான்கு மூலையும் நேராக, டேப்பின் முனைகள் கத்தியால் வெட்டினது போல. அதற்குள் தரையைத் தனியாகத் துடைத்திருந்தார். சுற்றிலும் இருந்ததைவிட அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. கட்டத்துக்குள் அவர் கையெழுத்து: பேட்டரி. பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம் மேலே'.

ஹாரன் குனியப் போனார். "வீட்டுக்காரர் சுத்தமா கேட்பாரும்மா. பிய்ச்சுடவா?"

"நீங்க வண்டியில ஏறுங்க மாமா. நான் பார்த்துக்கறேன்."

"எப்போ? வண்டி நிக்குது."

அவள் கம்ப்யூட்டரை மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றாள். வெளியே யாரோ, எல்லாம் ஏறியாச்சா, எடுக்கலாமா என்று கேட்டார்கள். மெயின் இன்னும் ஏறியபடியே இருந்தது. பிளக்கின் சின்னச் சிவப்பு விளக்கு, எதுவும் செருகாமல், அந்தக் காலிக் கட்டத்தின் மேல் எரிந்துகொண்டிருந்தது.